கருந்துளை இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? ராமநாதபுரம் கடற்கரை வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மண்டபத்தில் நிற்பவருக்கு இரண்டு கடல்கள் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. மீனவர்கள் அவற்றைத் தென்கடல் என்றும் வடகடல் என்றும் சொல்வார்கள். கருந்துளைகளைப் பற்றி அறிய விரும்பும் நம் மாவட்டத்தவருக்கு இந்த அமைப்பு நல்ல வாய்ப்பாகும். வானியலாளர்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருக்கும் கருந்துளைகளுள் ஒன்று தென்கடலுக்கு மேலேயும், இன்னொன்று வடகடலுக்கு மேலேயும், மூன்றாவது ஏறக்குறைய தலைக்கு நேர் மேலேயும் வந்து போகின்றன. மூன்றையும் கண்ணால் காண முடியாது. காண முடியாத ஒன்று அங்கே இருக்கிறது என்று எதைக் கொண்டு சொல்கிறார்கள் என்பதைப் படிப்படியாக விளக்கவே இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு இயற்பியல் தெரிந்திருந்தால் போதும். ஓரிரு இடங்களில் தாளும் பேனாவும் கால்குலேட்டரும் தேவைப்படும்.

கடலடியில் இருக்கும் பாறைத் திட்டான ‘பார்’ என்பதை நம் மீனவர்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. அலை எங்கே உடைகிறது, நீரோட்டம் எங்கே திரும்புகிறது, தண்ணீரின் நிறம் எங்கே மாறுகிறது, தூண்டிலில் என்ன மீன் படுகிறது என்று ஒன்றையொன்று சாராத அடையாளங்கள் ஒரே இடத்தைக் காட்டும்போது அங்கே பார் இருக்கிறது என்று முடிவுசெய்கிறார்கள். கருந்துளை ஆராய்ச்சியிலும் இதுவே நடக்கிறது. ஓர் இடத்தில் எவ்வளவு நிறை இருக்கிறது, அது எவ்வளவு சிறிய இடத்துக்குள் அடங்கியிருக்கிறது என்ற இரண்டையும் அளந்துவிட்டு, அவ்வளவு நிறையை அவ்வளவு சிறிய இடத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய மற்ற பொருள்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருகிறார்கள். பின்வரும் படிகளைப் படிக்கும்போது நிறை, அளவு, விலக்கல் ஆகிய இந்த மூன்றையும் மனத்தில் வைத்திருங்கள்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று தெளிவு பெறுதல்

ஒரு குறிப்பிட்ட நிறை ஒரு குறிப்பிட்ட ஆரத்துக்குள் அடங்கிவிட்டால், அந்த ஆரத்துக்குள்ளிருந்து ஒளிகூட வெளியேற முடியாது. அந்த எல்லைக்கு நிகழ்வெல்லை என்று பெயர். சுழலாத கருந்துளைக்கு இந்த ஆரத்தைக் கணக்கிடுவது எளிது: ஒரு சூரிய நிறைக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர். பத்துச் சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளையின் ஆரம் 30 கிலோமீட்டர்; அதாவது பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரையிலான தொலைவை ஒட்டிய அளவு. பூமி முழுவதையும் கருந்துளையாக்க வேண்டுமானால் அதை 9 மில்லிமீட்டர் ஆரத்துக்குள் நசுக்க வேண்டும்.

கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் இழுத்து விழுங்கிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. நிகழ்வெல்லைக்கு வெகு தொலைவில், கருந்துளையின் ஈர்ப்பு அதே நிறையுள்ள வேறெந்தப் பொருளின் ஈர்ப்பையும் போன்றதே. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளை ஒன்று இருந்தால் பூமி குளிர்ந்து உறைந்துபோகும். ஆனால் இப்போது சுற்றும் பாதையிலேயே அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொலைவில் உள்ளவை இயல்பான விதிப்படி சுற்றுவதால்தான், அவற்றின் சுற்றைக் கொண்டு நடுவில் இருப்பதன் நிறையை நம்மால் அளக்க முடிகிறது.

இந்த யோசனை மிகப் பழையது. 1783-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மிச்செல், ஒளி தப்பிச் செல்ல முடியாத இருண்ட விண்மீன்கள் இருக்கலாம் என்று எழுதினார். அப்படிப்பட்ட ஒன்றைச் சுற்றி ஒளிரும் விண்மீன் எதுவும் ஓடினால், அந்த ஓட்டத்திலிருந்து இருண்டதைக் கண்டுகொள்ளலாம் என்றும் சேர்த்தே சொன்னார். இன்றைய முறைகளில் மிக வலுவான ஒன்றின் விதை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. 1916-இல் கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்குக் கண்ட தீர்விலிருந்து மேலே சொன்ன ஆரம் கிடைத்தது.

இறந்துபோகும் விண்மீன் உண்மையிலேயே அந்த அளவுக்குச் சுருங்குமா என்ற கேள்விக்கு நம்மவர் ஒருவரின் கணக்குதான் வழி திறந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் தம் பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ளன் விண்மீன்களுக்கு நிறையில் ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டார். இன்று அந்த வரம்பு சுமார் 1.4 சூரிய நிறை எனப்படுகிறது. அதைத் தாண்டினால், இன்னும் நெருக்கமாகச் சுருங்கிய நியூட்ரான் விண்மீன். அதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது, அது 2-க்கும் 3-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. ஆகவே, மூன்று சூரிய நிறைக்கு மேல் கனமாகவும், மிகச் சிறியதாகவும், இருளாகவும் ஒரு பொருள் இருந்தால், நாம் அறிந்த இயற்பியலில் அதற்குக் கருந்துளை என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. மூன்று என்ற இந்த எண்ணை மறக்க வேண்டாம்.

படி 2: வானில் இடத்தை அடையாளம் காணுதல்

நம் கடற்கரை வடக்கு அட்சரேகை 9 பாகையை ஒட்டி இருப்பதால், வடவானும் தென்வானும் நமக்கு ஒருங்கே தெரிகின்றன. அமாவாசையை ஒட்டிய இரவுகளைத் தேர்ந்தெடுங்கள். தென்வானுக்கு வாலிநோக்கம், ஏர்வாடி, புதுமடம் போன்ற தென்கடல் ஊர்கள் நல்லவை. எதிரே கடல் மட்டுமே இருப்பதால் விளக்கு வெளிச்சம் குறைவு. கையை நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகை. அதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

ஆகஸ்ட் நடுவில், இரவு 8 மணி கடந்ததும், தென்கடலுக்கு மேலே விருச்சிகத்தின் வளைந்த வாலைப் பாருங்கள். வால் நுனியில் இருப்பது மூலம். அதற்குக் கிழக்கே, தனுசு ராசியில் பூராடம். மூலத்திலிருந்து வடக்கே ஒரு முஷ்டிக்குச் சற்றுக் குறைவாகவும், பூராடத்திலிருந்து மேற்கே அதே அளவிலும் நகர்ந்தால் வரும் இடம்தான் நம் பால்வீதியின் மையம். தொடுவானத்திலிருந்து பாதி உயரத்துக்குச் சற்று மேலே, சுமார் 52 பாகையில் அது இருக்கும். அங்கே உள்ள கருந்துளைக்குச் சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார் என்று பெயர்.

செப்டம்பர் நடுவில் இரவு எட்டரை மணியளவில் வடகடல் பக்கம் திரும்புங்கள். திருவோணத்துக்கு வடக்கே, சிலுவை போல் தெரியும் சிக்னஸ் விண்மீன் குழுவில், அதன் நீண்ட கழுத்தின் நடுப்பகுதியில் ஈட்டா சிக்னி என்ற விண்மீன் வெறும் கண்ணுக்குத் தெரியும். ஐம்பது மில்லிமீட்டர் பைனாகுலரை அதன்மேல் நிறுத்தினால், அரைப் பாகைக்கும் குறைவான தொலைவில், வெறும் கண்ணுக்கு எட்டாத, ஒளிப்பொலிவு எண் 9 கொண்ட ஒரு மங்கலான விண்மீனைப் பிடிக்கலாம். அதன் பட்டியல் எண் எச்டிஇ 226868. நம் கையில் உள்ள சாதாரணக் கருவியால் இந்த ஆராய்ச்சிக்கு மிக அருகில் போகக்கூடிய இடம் இதுதான். அந்த விண்மீன் ஒரு கருந்துளையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த இணைக்குச் சிக்னஸ் எக்ஸ்-1 என்று பெயர்.

மூன்றாவது, மே மாதத்துக்குரியது. மே நடுவில் இரவு 9 மணியளவில் உத்திர நட்சத்திரத்துக்கும் கன்னி ராசியின் விண்டிமியாட்ரிக்ஸ் விண்மீனுக்கும் நடுவில், நம் உச்சியிலிருந்து 3 பாகை மட்டுமே விலகி, எம்87 என்ற பெரிய அண்டம் (நம் பால்வீதியைப் போன்ற விண்மீன் பெருந்தொகுதி) நிற்கும்; மூன்றாவது கருந்துளை அதில்தான் இருக்கிறது. சிறிய தொலைநோக்கியில் அது மங்கிய புகைத்திட்டாகத் தெரியும்.

படி 3: துணை விண்மீனின் ஆட்டத்தை அளத்தல்

மிச்செல் சொன்ன வழி இது. விண்மீன்களில் பல, இணையாக ஒன்றையொன்று சுற்றுகின்றன. இணையில் ஒன்று மட்டும் ஒளிர்ந்து மற்றது தெரியாமல் இருந்தால், ஒளிர்வதன் நிறமாலையை இரவுக்கு இரவு பதிவுசெய்ய வேண்டும். நிறமாலையில் ஹைட்ரஜன், கால்சியம், இரும்பு போன்ற தனிமங்களின் கோடுகள் குறிப்பிட்ட அலைநீளங்களில் இருக்கும். விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அந்தக் கோடுகள் நீலப் பக்கமும், விலகிச் செல்லும்போது சிவப்புப் பக்கமும் நகரும். நகர்வின் அளவு வேகத்தைச் சொல்லும்; நகர்வு திரும்பத் திரும்ப வரும் கால இடைவெளி சுற்றுக்காலத்தைச் சொல்லும். இந்த இரண்டு எண்கள் கிடைத்தால், மறைந்திருப்பதன் குறைந்தபட்ச நிறையைக் கணக்கிட்டுவிடலாம்.

வி404 சிக்னி என்ற இணையை எடுத்து நாமே செய்து பார்ப்போம். இதுவும் வடகடல் பக்கம் தெரியும் சிக்னஸ் குழுவிலேயே இருக்கிறது. 1989-இல் கிங்கா என்ற ஜப்பானியச் செயற்கைக்கோள் இதன் திடீர் எக்ஸ் கதிர் வெடிப்பைக் கண்டது. வெடிப்பு அடங்கிய பிறகு அங்கே உள்ள சாதாரண விண்மீனைக் கவனித்து, 1992-இல் இதன் முடிவுகளை வெளியிட்டார்கள். சுற்றுக்காலம் 6.47 நாள்; வேகத்தின் வீச்சு விநாடிக்கு சுமார் 208.5 கிலோமீட்டர். இந்த வேகத்தில் 656 நானோமீட்டரில் உள்ள ஒரு கோடு 0.46 நானோமீட்டர் மட்டுமே நகரும். அவ்வளவு சிறிய நகர்வை நம்பித்தான் மீதிக் கணக்கு முழுவதும் நிற்கிறது என்பதால், நிறமாலைமானியின் துல்லியத்தில் வானியலாளர்கள் காட்டும் அக்கறையைப் புரிந்துகொள்ளலாம்.

கணக்கு இதுதான். வேகத்தின் கனத்தைச் சுற்றுக்காலத்தால் பெருக்கி, வருவதை ஈர்ப்பு மாறிலியின் 6.283 மடங்கால் வகுக்க வேண்டும். வேகம் விநாடிக்கு 2,08,500 மீட்டர். அதன் கனம் 9.06 × 10¹⁵. சுற்றுக்காலம் 5,59,000 விநாடி, பெருக்கினால் 5.07 × 10²¹. ஈர்ப்பு மாறிலி 6.674 × 10⁻¹¹, அதன் 6.283 மடங்கு 4.19 × 10⁻¹⁰. வகுத்தால் 1.21 × 10³¹ கிலோகிராம். சூரியனின் நிறை 1.99 × 10³⁰ கிலோகிராம் என்பதால், விடை சுமார் 6.1 சூரிய நிறை.

இந்த 6.1 என்பது குறைந்தபட்ச அளவு. சுற்றுப்பாதை நமக்குச் சாய்வாகத் தெரிந்தால் உண்மையான வேகம் இன்னும் அதிகமாகவே இருக்கும். ஒளிரும் விண்மீனின் சொந்த நிறையைக் கணக்கில் சேர்த்தாலும் விடை கூடுமே தவிரக் குறையாது. எந்த ஊகத்தையும் சேர்க்காமலேயே மூன்று என்ற வரம்பின் இருமடங்கை எண் தாண்டிவிடுகிறது. சாய்வையும் சேர்த்த பிறகு கிடைக்கும் மதிப்பு சுமார் 9 சூரிய நிறை. கருந்துளைக்கான சான்றுகளில் இந்தக் கணக்கைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். பள்ளி மாணவர் ஒருவர் தாமே சரிபார்க்கக்கூடிய அளவுக்கு இது எளிதாகவும், தப்பிக்க இடமில்லாததாகவும் இருக்கிறது.

நிறமாலைக்குப் பதிலாக, விண்மீன் வானில் நிற்கும் இடமே லேசாக ஆடுவதை அளக்கும் வழியும் இப்போது வந்துவிட்டது. 2013-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கயா விண்கலம் இதைச் செய்தது. 2022-இல் அறிவிக்கப்பட்ட கயா பிஎச்1 சுமார் 1,560 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் அதை 186 நாளில் சுற்றுகிறது. அதன் நிறை சுமார் 9.6 சூரிய நிறை. 2024-இல் அறிவிக்கப்பட்ட கயா பிஎச்3-இன் நிறை ஏறத்தாழ 33. இரண்டுமே எதையும் விழுங்காமல் அமைதியாக இருப்பவை. அடுத்த படியில் வரும் முறையால் இவற்றைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

படி 4: எக்ஸ் கதிர்களைத் தேடுதல்

கருந்துளைக்கு அருகில் துணை விண்மீனிலிருந்து வாயு கிடைத்தால், அது நேராக உள்ளே விழாமல் வட்டாகச் சுழன்றபடி இறங்கும். அடுத்தடுத்த வளையங்களின் உராய்வில் வட்டின் உட்பகுதி கோடி பாகை அளவுக்குச் சூடாகி எக்ஸ் கதிர்களை வீசும். ஹைட்ரஜன் அணுக்கள் இணையும்போது நிறையில் 0.7 சதவீதமே ஆற்றலாகிறது. கருந்துளையின் வட்டில் விழும் வாயுவில், சுழற்சியைப் பொறுத்து, 6 முதல் 42 சதவீதம் வரை ஆற்றலாக முடியும். ஆகவே கருந்துளை இருளாக இருந்தாலும் அதன் வாசல் வானிலேயே மிகப் பிரகாசமான இடங்களுள் ஒன்றாகிவிடுகிறது.

காற்றுமண்டலம் எக்ஸ் கதிர்களைத் தடுத்துவிடுவதால் கருவியை மேலே அனுப்பியாக வேண்டும். 1962-இல் ஒரு சிறிய ஆய்வு ராக்கெட்டில் வைத்த கருவிதான் சூரிய மண்டலத்துக்கு அப்பாலுள்ள முதல் எக்ஸ் கதிர் மூலத்தை விருச்சிகத்தில் கண்டது; அது பின்னர் நியூட்ரான் விண்மீன் என்று தெரிந்தது. அதற்கு மறு ஆண்டு தும்பாவில் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டபோது, ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அந்தக் குழுவில் இருந்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

1970 டிசம்பர் 12 அன்று, இதே இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், கென்யாவுக்கு அருகே கடலில் அமைந்த மேடையிலிருந்து உகுரு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. சிக்னஸ் எக்ஸ்-1-இன் எக்ஸ் கதிர் ஒளி விநாடியின் சிறு பின்னங்களுக்குள் ஏறி இறங்குவதை அது காட்டியது. இங்கேதான் அளவு பற்றிய சான்று பிறக்கிறது. ஒரு பொருளின் ஒளி முழுமையாக மாற வேண்டுமானால், மாற்றத்தின் செய்தி அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போயாக வேண்டும். ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது. நூறில் ஒரு பங்கு விநாடியில் ஒளி 3,000 கிலோமீட்டர்தான் செல்லும். அந்த நேரத்துக்குள் ஏறி இறங்கும் பொருள் அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது.

1971-ஐ ஒட்டி, நாம் பைனாகுலரில் பார்த்த அந்த மங்கலான விண்மீன் 5.6 நாளுக்கு ஒரு முறை எதையோ சுற்றிவருவதைக் ராயல் கிரீன்விச் வானாய்வகத்தாரும் டொரொன்டோவைச் சேர்ந்தவரும் தனித்தனியே கண்டார்கள். 2021-இல் வந்த துல்லியமான அளவீட்டின்படி, மறைந்திருப்பதன் நிறை சுமார் 21 சூரிய நிறை, தொலைவு சுமார் 7,200 ஒளியாண்டு.

இன்னொரு சான்றும் உண்டு. அதைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. நியூட்ரான் விண்மீனுக்குத் திடமான மேற்பரப்பு இருக்கிறது. அதில் விழும் வாயு குவிந்து, திடீரென அணுக்கருத் தீப்பற்றி, சில விநாடிகளுக்கு எக்ஸ் கதிராய் வெடிக்கும். இத்தகைய வெடிப்புகள் ஏராளமான நியூட்ரான் விண்மீன்களில் பதிவாகியுள்ளன. மூன்று சூரிய நிறையைத் தாண்டிய பொருள்களில் இவ்வகை வெடிப்பு காணப்படவில்லை. குவிவதற்கு அங்கே தரை இல்லை என்பதே இதற்கான நேரடியான விளக்கம்.

இந்தத் துறையில் இந்தியாவின் பங்கு தொடர்கிறது. 1975-இல் சென்ற ஆர்யபட்டாவிலேயே எக்ஸ் கதிர் ஆய்வுக்கருவி இருந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28-இல் அஸ்ட்ரோசாட்டும், 2024 ஜனவரி 1-இல் எக்ஸ்போசாட்டும் ஏவப்பட்டன. பின்னது எக்ஸ் கதிர்களின் முனைவாக்கத்தை, அதாவது அவற்றின் அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, அளப்பதற்கென்றே அமைந்தது. வட்டு எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பற்றி அது தகவல் தரும்.

படி 5: பால்வீதி மையத்தில் எஸ்2 விண்மீனைப் பின்தொடர்தல்

தென்கடலுக்கு மேலே நாம் குறித்துவைத்த இடத்துக்கும் நமக்கும் இடையில் சுமார் 27,000 ஒளியாண்டு தொலைவும் அடர்ந்த தூசியும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளி அந்தத் தூசியைக் கடந்து வராது. அகச்சிவப்பும் ரேடியோவும் வரும். 1974-இல் புரூஸ் பாலிக்கும் ராபர்ட் பிரவுனும் அங்கே மிகச் சிறிய, செறிவான ரேடியோ மூலம் ஒன்றைக் கண்டார்கள். 1990-களிலிருந்து ஹவாயில் கெக் தொலைநோக்கியைக் கொண்டு ஆன்ட்ரியா கெஸ் குழுவும், சிலியில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கிகளைக் கொண்டு ரைன்ஹார்டு கென்சல் குழுவும், அந்த இடத்தைச் சுற்றி ஓடும் விண்மீன்களை ஆண்டுக்கு ஆண்டு படமெடுத்தார்கள். காற்றின் அசைவால் படம் கலங்குவதைத் தடுக்க, விநாடிக்குப் பல நூறு முறை வடிவத்தை மாற்றிக்கொள்ளும் கண்ணாடிகள் பின்னாளில் உதவின.

எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டில் ஒரு சுற்றை முடிக்கிறது. ஒரு மனித வாழ்நாளுக்குள், ஏன், ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்துக்குள்ளேயே முழுச் சுற்றையும் கண்டுவிடலாம் என்பதுதான் இதன் சிறப்பு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை ஓர் அலகாகக் கொண்டால், எஸ்2-இன் பாதையின் சராசரி ஆரம் ஏறத்தாழ 1,000 அலகு. கெப்ளரின் விதிப்படி, ஆரத்தின் கனத்தைச் சுற்றுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் நடுவிலுள்ள நிறை சூரிய நிறைகளில் கிடைக்கும். ஆயிரத்தின் கனம் 100 கோடி. 16-இன் வர்க்கம் 256. வகுத்தால் சுமார் 39 லட்சம். துல்லியமான அளவுகளைப் போட்டால் 43 லட்சம் வருகிறது.

2018 மே மாதம் எஸ்2 மிக அருகில் சென்றபோது, நடுவிலிருந்து 120 அலகு தொலைவில், விநாடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்தது. அப்படியானால் 43 லட்சம் சூரியன்களின் நிறை அந்த 120 அலகுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே அதற்கேற்ற ஒளி சிறிதும் இல்லை. இருண்ட சிறு விண்மீன்களின் கூட்டமாக இருக்கலாமே என்று கேட்கலாம். அவ்வளவு நெருக்கமான கூட்டம் நிலைத்து நிற்காது. ஒன்றோடொன்று மோதியும் சிதறியும் வெகு விரைவில் அழிந்துவிடும். எஸ்2-இன் ஒளி அந்த நெருக்கத்தில் சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவும், அதன் நீள்வட்டப் பாதையே சுற்றுக்குச் சுற்று மெல்லத் திரும்பும் அளவும் பொதுச் சார்பியல் சொன்னபடியே இருந்தன. கெஸ்ஸும் கென்சலும் 2020-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். மறுபாதி, கருந்துளை உருவாவது சார்பியலின் உறுதியான விளைவு என்று நிறுவிய ரோஜர் பென்ரோஸுக்குச் சென்றது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 43 லட்சம் சூரிய நிறைக்கு நிகழ்வெல்லையின் ஆரம் சுமார் 1.3 கோடி கிலோமீட்டர். எஸ்2 நெருங்கியதோ 1,800 கோடி கிலோமீட்டர். இடையில் ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பும் சான்று ஏழாம் படியில் வரும்.

பிற அண்டங்களிலும் இதே வாதம்தான். என்ஜிசி 4258 என்ற அண்டத்தின் மையத்தைச் சுற்றும் நீர் மூலக்கூறுகளின் ரேடியோ ஒளியிலிருந்து, அங்கே சுமார் 3.6 கோடி சூரிய நிறை இருப்பதாக 1995-இல் அளந்தார்கள்.

படி 6: ஈர்ப்பு அலைகளைப் பதிவுசெய்தல்

இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி மோதும்போது ஒளி வராது; அவற்றைச் சூழ்ந்த வெளிதான் அலையாக அதிர்கிறது. அந்த அதிர்வே ஈர்ப்பு அலை. 2015 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவில் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள, லைகோ என்ற ஈர்ப்பு அலை ஆய்வகத்தின் இரண்டு நிலையங்கள் அப்படியொரு அதிர்வை முதன்முதலாகப் பிடித்தன. ஒவ்வொன்றிலும் 4 கிலோமீட்டர் நீளத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு கைகளில் லேசர் ஒளி ஓடுகிறது. கைகளின் நீளம் புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் சில பங்கு அளவே மாறியது. முதலில் லிவிங்ஸ்டனிலும், 7 மில்லிவிநாடி கழித்து ஹான்ஃபோர்டிலும் அதே வடிவம் வந்தது. உள்ளூர் அதிர்வாக இருந்தால் இரண்டு இடங்களிலும் ஒரே வடிவம் வந்திருக்காது.

அவை கருந்துளைகள்தாம் என்று எப்படிச் சொன்னார்கள் என்பதே நமக்கு முக்கியம். அலையின் அதிர்வெண் 0.2 விநாடிக்குள் 35 ஹெர்ட்ஸிலிருந்து 150 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறியது. அது ஏறிய விதத்திலிருந்து, சுமார் 36, 29 சூரிய நிறை என்று இரண்டு எண்கள் கிடைத்தன. அலை உச்சத்தில் இருந்தபோது அவை விநாடிக்கு 75 முறை ஒன்றையொன்று சுற்றின. அவ்வளவு கனமானவை அவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டுமானால் இடையில் சுமார் 350 கிலோமீட்டர்தான் இருக்க முடியும். 36 சூரிய நிறைக்கும் 29 சூரிய நிறைக்கும் நிகழ்வெல்லைகளின் ஆரங்களைக் கூட்டினாலே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் அதற்கு முன்பே ஒன்றோடொன்று முட்டியிருக்கும். முடிவில் எஞ்சியது சுமார் 62 சூரிய நிறை. குறைந்த 3 சூரிய நிறையும் அலையின் ஆற்றலாகச் சென்றுவிட்டது.

மோதலுக்குப் பின் புதிய கருந்துளை ஒரு கணம் அதிர்ந்து அடங்கும். அது எந்த அதிர்வெண்ணில், எவ்வளவு விரைவில் அடங்கும் என்பது அதன் நிறையையும் சுழற்சியையும் மட்டுமே பொறுத்தது. கருந்துளை இப்படி அதிர்ந்தடங்கும் என்று 1970-இலேயே கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூரைச் சேர்ந்த சி.வி. விஸ்வேஸ்வரா. 2025 ஜனவரி 14-இல் கிடைத்த மிகத் தெளிவான ஒரு பதிவில், மோதிய இரண்டின் நிகழ்வெல்லைப் பரப்பைவிட எஞ்சியதன் பரப்பு கூடுதலாக இருப்பது, ஸ்டீபன் ஹாக்கிங் 1971-இல் சொன்ன தேற்றத்தின்படியே, சரிபார்க்கப்பட்டது.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா நிலையத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மற்ற நிலையங்களிலிருந்து வெகு தொலைவில் அது அமைவதால், அலை வானில் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை இன்னும் நெருக்கமாகக் குறிக்கலாம்.

படி 7: நிழலைப் படமெடுத்தல்

தொலைநோக்கி எவ்வளவு நுண்ணிய விவரத்தைப் பிரித்துக் காட்டும் என்பது, ஒளியின் அலைநீளத்தை அதன் விட்டத்தால் வகுத்தால் தெரியும். அலைநீளம் 1.3 மில்லிமீட்டர், விட்டம் பூமியின் விட்டமான 12,700 கிலோமீட்டர் என்று போட்டால், ஒரு விகலையின் (பாகையின் 3,600-இல் ஒரு பங்கு) ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு கிடைக்கும். எம்87-இன் கருந்துளையும் நம் பால்வீதியின் கருந்துளையும் அந்த அளவில் பிடிபடக்கூடியவை. 2017 ஏப்ரலில் ஹவாய், சிலி, ஸ்பெயின், தென்துருவம் உள்ளிட்ட இடங்களின் எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் அவற்றை நோக்கின. ஒவ்வொரு நிலையத்திலும் அணுக் கடிகாரத்தின் நேரத்தோடு பதிவான தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்ததால், ஹார்டு டிஸ்க்குகளை விமானத்தில் கொண்டுசென்றார்கள். தென்துருவத்து டிஸ்க்குகளுக்காக அங்கே குளிர்காலம் முடியும் வரை காத்திருந்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள், ஒன்றின் முடிவை மற்றொன்று அறியாதபடி, தனித்தனியே படத்தை உருவாக்கின.

2019 ஏப்ரல் 10-இல் எம்87-இன் படம் வந்தது. நிறை சுமார் 650 கோடி சூரியன்கள். 2022 மே 12-இல் சஜிட்டேரியஸ் ஏ-ஸ்டாரின் படம் வந்தது. ஒளி வளையமும் நடுவே இருளும் தெரிந்தன. கருந்துளை ஒளியை வளைப்பதால் அந்த இருட்டு வட்டம் நிகழ்வெல்லையைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. எஸ்2-ஐக் கொண்டு முன்பே அளந்த 43 லட்சம் சூரிய நிறையைப் போட்டால் என்ன அளவு வர வேண்டுமோ, வளையம் அதற்கு ஒத்த அளவில்தான் இருந்தது. ஐந்தாம் படியில் விட்டுவைத்த இடைவெளி இங்கே நிரம்புகிறது.

படி 8: செய்தியைச் சந்தேகத்தோடு படித்தல்

எல்லா அறிவிப்பும் நிலைப்பதில்லை. 2020-இல் எச்ஆர் 6819 என்ற அமைப்பில், சுமார் 1,000 ஒளியாண்டு தொலைவில், மிக அருகிலுள்ள கருந்துளை இருப்பதாகச் செய்தி வந்தது. தென்கடல் கரையில் தொடுவானத்துக்கு 25 பாகை மேலே, வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும் விண்மீன் அது. ஆனால் 2022-இல் கூடுதல் கூர்மையான அளவீடுகள் அங்கே இரண்டு விண்மீன்கள் மட்டுமே இருப்பதைக் காட்டின. ஒன்று மற்றதிலிருந்து வாயுவை உரித்துக்கொண்டதால் நிறை தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது. முதல் அறிவிப்பைச் செய்தவர்களும் மறுத்தவர்களும் சேர்ந்தே அந்தத் திருத்தத்தை வெளியிட்டார்கள். 2019-இல் எல்பி-1 என்ற அமைப்பில் 70 சூரிய நிறைக் கருந்துளை என்று சொல்லப்பட்டதும் இவ்வாறே கைவிடப்பட்டது.

ஆகவே அடுத்த முறை செய்தியில் புதிய கருந்துளை ஒன்றைப் பற்றிப் படித்தால் சிலவற்றைத் தேடுங்கள். நிறையை அளந்தது எதன் அசைவைக் கொண்டு? அந்த எண் குறைந்தபட்ச அளவா, மாதிரியைச் சார்ந்த மதிப்பீடா? பொருளின் அளவுக்கு என்ன வரம்பு கிடைத்திருக்கிறது? மங்கலான இரண்டாம் விண்மீன் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டா? வேறொரு குழு, வேறொரு கருவியால் சரிபார்த்திருக்கிறதா? நிகழ்வெல்லையையே நேரில் தொட்ட அளவீடு இன்று வரை எதுவும் இல்லை. அதன் வாசல் வரை வந்த அளவீடுகள் எல்லாம் சார்பியல் சொல்லும் கருந்துளையோடு ஒத்துப்போகின்றன என்பதே துல்லியமான கூற்று.

படி 9: தரவை நீங்களே திறந்து பார்த்தல்

2015 செப்டம்பர் 14-ஆம் நாளின் லைகோ தரவு இணையத்தில் எவரும் இலவசமாகப் பதிவிறக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் பைத்தான் மொழி இருந்தால் போதும். இரண்டு நிலையங்களின் 32 விநாடித் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 350 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் உள்ளவற்றை வடிகட்டி நீக்குங்கள். 60 ஹெர்ட்ஸில் நிற்கும் அமெரிக்க மின்தடத்தின் இரைச்சலையும் அதன் மடங்குகளையும் தனியே அகற்றுங்கள். பிறகு ஹான்ஃபோர்டின் கோட்டை 7 மில்லிவிநாடி முன்னே நகர்த்தி, தலைகீழாகத் திருப்புங்கள். இரண்டு கருவிகளின் கைகளும் வெவ்வேறு திசையில் அமைந்திருப்பதால் இந்தத் திருப்பம் தேவை. அதை லிவிங்ஸ்டனின் கோட்டின்மேல் வைத்து, மோதல் நேரத்தைச் சுற்றிய கால் விநாடியை மட்டும் பெரிதாக்குங்கள். அலைகள் நெருங்கிக்கொண்டே வந்து, உச்சம் தொட்டு, இரண்டு மூன்று துடிப்பில் அடங்குவது இரண்டு கோடுகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும். உச்சத்துக்கு அருகில் அடுத்தடுத்த இரண்டு முகடுகளின் இடைவெளியை அளந்து, அதன் தலைகீழியைப் பாதியாக்கினால், ஆறாம் படியில் சொன்ன 75 என்ற எண்ணுக்கு அருகில் வருவீர்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு முகடுகள் வருவதால்தான் பாதியாக்குகிறோம்.